நாச்சியார் வீட்டுத் துடக்கு

இளையதம்பிக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது இடது காது. அது கேட்காத காது. வாலிப வயதிலிருந்து சங்கு குளித்ததற்குக் கடல் அவனிடம் வாங்கிக்கொண்ட கூலி. கேட்கிற காது சும்மா இருக்க, கேட்காத காது ஏன் சிவக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவன் மனைவி பத்மாசினிக்கு மட்டும் விளங்கும். "மற்றவையின்ரை ஞாயம் நுழையாத பக்கத்தாலைதான் உங்களுக்குக் கோவம் வாறது" என்பாள்.

வெண்கல்முனையில் அவனுடைய கோபத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆட்டோடு கோபிப்பான், சைக்கிள் சங்கிலியோடு கோபிப்பான், மண்ணெண்ணெய் இல்லாத விளக்கோடு கோபிப்பான். பங்குனி வெயிலைப்போல ஊர் அதையும் ஒரு காலநிலையாக எடுத்துக்கொண்டு, நிழலில் ஒதுங்கி நின்று தன் வேலையைப் பார்த்தது.

அன்றைக்கு அவன் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். சண்டைக் காலத்தில் வடகடலில் நேவிக்காரன் நின்றதால் கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால் யாரும் போக முடியாது. அதனால் குருநகர்ச் சிநேகிதன் சிமியோனின் வீட்டில் தங்கி ஆழமில்லாத பரவைக்கடலில் சங்கு குளித்துக்கொண்டிருந்தான். கடல்நாச்சியார் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்தாக வேண்டும். அந்தத் திருவிழாவில் அம்மனுக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் தான்தான் என்று அவனுக்கு ஓர் எண்ணம். அம்மனுக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்ததா என்பது தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பும் முடக்கில் மார்க்கண்டுவின் சுண்ணாம்புச் சூளை புகைந்துகொண்டிருந்தது. வழியில் சங்கிலி பலமுறை கழன்றிருந்ததால் இளையதம்பியின் காது ஏற்கனவே இளஞ்சூட்டில் இருந்தது. மூக்கில் ஒரு மணம் ஏறியது. கருவாடு கருகுகிற மணம்.

"என்ன மார்க்கண்டு, சூளைக்குள்ளை மீன் சுடுறியோ?"

"மீன் சுட்டால் உங்களைக் கூப்பிடாமல் சுடுவனோ அண்ணை? கல்லுத்தான். பச்சைக் கல்லு வேகேக்கை இப்பிடித்தான் மணக்குது. வீட்டை போனால் மனிசி படலையிலை மறிச்சு, தலை தோஞ்சிட்டு உள்ளை வா எண்டுறாள். நான் என்ன, சுடலைக்கே போயிட்டு வாறன்?"

"பச்சைக் கல்லோ? எங்கத்தையான்?"

மார்க்கண்டு விறகைத் தள்ளினான். இளையதம்பி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனான். அங்கே பவளக் கற்கள் குவியலாகக் கிடந்தன. மான்கொம்புபோலக் கிளைத்தவை, தட்டுத்தட்டாக விரிந்தவை. மேலே இருந்தது ஒரு பெரிய உருண்டைக் கல். மூளை மடிப்பைப்போல வரிவரியாக ஓடியது. தண்ணீருக்குள் அது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். இங்கே சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு வரிக்குள் நகத்தளவு நீல நண்டு ஒன்று, வீட்டை விட்டு ஓட மனமில்லாமல் உள்ளேயே காய்ந்துபோயிருந்தது.

கல்லின் ஒரு பக்கத்தில் பழைய நங்கூரம் பட்ட வடு. தடவிப் பார்க்கத் தேவையில்லை. என்றாலும் தடவினான்.

"இது தலைக்கல்லு" என்றான்.

"எனக்கு அதின்ரை பேர் ஒருதரும் சொல்லித் தரேல்லை அண்ணை. கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு எண்டு ஓவசியர் ஐயா வண்டிலிலை அனுப்பினவர். சீமெந்து எங்கை கிடக்குது இப்ப?"

"என்னை ஒருதரும் கேக்கேல்லையே" என்றான் இளையதம்பி.

குற்றச்சாட்டாக அவன் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை அதுதான். நண்டைப் பற்றி அல்ல, கல்லைப் பற்றி அல்ல, தன்னைப் பற்றி. சைக்கிளில் ஏறியபிறகு அதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கமும் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். போகிற வழியில் ஒரு தென்னை மரத்தைத் திட்டினான்.

நாச்சியார் பார் என்பது கோயில் வாசலுக்கு நேரே, ஒரு கூப்பிடு தூரத்தில் கடலுக்குள் கிடக்கும் பவளக் கற்பார். கோயிலின் தீபத்தூணையும் கரையிலுள்ள இரட்டைப் பனையையும் கண்ணால் கோடிழுத்து அதன் எல்லையைப் பிடிப்பார்கள். அந்த எல்லைக்குள் வலை இல்லை, தூண்டில் இல்லை, நங்கூரம் இல்லை. அங்கே வாழ்கிறவை எல்லாம் கடல்நாச்சியாரின் பிள்ளைகள். நேவி கடலை மூடிய பிறகு ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பிடி சூடை மீனுக்காக விடியும்வரை வலை வீசியவர்கள் உண்டு. அவர்களின் கண்ணுக்கு முன்னால் கொழுத்த ஓரா மீன்கள் பாருக்குள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஒருவரும் கைவைக்கவில்லை. யாரும் காவல் நிற்கவில்லை, ஆனாலும் கைவைக்கவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் தீர்த்தம். அம்மனைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஊர்ச் சுழியோடி ஒருவன் பாரில் மூழ்கிக் குளித்துப் பார்த்துவிட்டு வந்து ஈரத்தோடு நிற்க, சனம் ஒரே குரலில் கேட்கும்: "பிள்ளையள் சுகமோ?" அவன் கண்டதைச் சொல்லி, கடைசியில் "எல்லாரும் சுகம்" என்று முடிப்பான். உடம்பு காயும் முன் பொய் சொல்லக்கூடாது. அவன் சுகம் சொன்னபிறகுதான் மணி அடிக்கும், அம்மன் தீர்த்தமாடுவாள், அந்த வருடத்துக் கோயில் வேலை எதுவும் தொடங்கும்.

மற்றவர்கள் சுகம் என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள். இளையதம்பி அப்படியல்ல, பாரின் மீன்களை ஊர் ஆட்களைப்போலப் பேசுவான். "கலவாய்க் கிழவன் இன்னும் கலியாணம் கட்டேல்லை, பெண்பார்க்க வந்தவையை எல்லாம் விழுங்கிப்போட்டான்" என்பான். "அஞ்சாலை விலாங்கு வாசல்லை நிண்டு வாயைத் திறந்து திறந்து மூடுறாள், போற வாற ஆக்களின்ரை குடும்பக்கதை முழுக்க அவளிட்டை இருக்கு" என்பான். பெண்கள் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்கள்.

போன வருடம் அவனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் அவனுடைய பெரியப்பாவின் மகன் ஒருவன் செத்துப்போனான். சின்ன வயதில் அவனுடைய பம்பரத்தைக் களவெடுத்தவன், அதற்குப் பிறகு முகம் கண்டதில்லை. சாவுச் செய்தி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது தீர்த்தத்துக்கு முதல்நாள். சாவுத் தீட்டென்று, கோயில் தலைவர் ஓவசியர் சோமசேகரம் "துடக்கு துடக்குத்தான்" என்று அவனை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார். மற்றச் சுழியோடி தில்லைநாதன் குளித்து வந்து "சுகம்" என்றான். சனம் சப்பென்று கலைந்து போனது.

வீட்டில் பத்மாசினி முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். அவன் காதைப் பார்த்தாள்.

"சூளையடியாலை வந்தனீங்களாக்கும்."

"உனக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும். ரெண்டு நாள் அலவாங்கோடை வெளியூர்ப் பெடியள் நிண்டவங்கள். எங்கடை ஆக்கள் கரையிலை நிண்டு பாத்தவை. கேட்டதுக்கு ஓவசியர், அம்மன்ரை கல்லு அம்மனுக்கு எண்டிட்டார். அதுக்குப் பேந்து ஆர் கதைக்கிறது?"

"என்னைக் கேக்காமல்..."

"இஞ்சேருங்கோ," பத்மாசினி சுளகைக் கீழே வைத்தாள். "உங்களைக் கேக்கேல்லை எண்டதோ கோவம், கல்லை உடைச்சதோ கோவம்? அதை முதல்லை முடிவெடுத்துக்கொண்டு கத்துங்கோ. ரெண்டையும் சேர்த்துக் கத்தினால் ஒண்டும் விளங்காது."

அவன் கத்தவில்லை. ஜன்னல் கண்ணாடித் துண்டில் சைக்கிள் ரியூப்பை ஒட்டித் தானே செய்த முகக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான்.

தண்ணீர் கலங்கியிருந்தது. பாரின் கிழக்குப் பக்கம் முன்போலவே இருந்தது. கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கிற சத்தம் கேட்கிற காதில் விழுந்தது. ஓராக் கூட்டம் ஒரேயடியாகத் திரும்பி வெள்ளி காட்டியது. விலாங்கு வாசலில் நின்று வாயைத் திறந்து மூடினாள். சிங்கி இறாலின் மீசைகள் கல் இடுக்கில் ஆடின. எல்லோரும் சுகம்.

மேற்குப் பக்கம் போனான். அங்கே ஊர் இல்லை.

அலவாங்கின் இரும்புமுனை குத்திய இடங்கள் பல் பிடுங்கிய ஈறுபோல வெள்ளையாக இருந்தன. உடைந்த கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. மேலே பால்போல மண் படிந்திருந்தது. கிளைகளுக்குள் குடியிருந்த விரலளவு மீன்கள் கூட்டமாக ஒரு வெறுங்கல்லின் பின்னால் ஒடுங்கி நின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஓரத்தில் நின்றவை உள்ளே போக, உள்ளே நின்றவை வெளியே தள்ளுப்பட்டன.

நடுவில் கலவாய்க் கிழவன் நின்றான்.

தலைக்கல்லுக்குக் கீழே இருந்த பொந்துதான் அவன் வீடு. இப்போது தலைக்கல் இல்லை, பொந்தும் இல்லை, தட்டையான சல்லி மட்டும்தான். ஆனாலும் கலவாய் அந்த இடத்திலேயே, மேலே கூரை இருப்பதுபோல உடம்பைத் தாழ்த்தி, செட்டையை மெல்ல அசைத்துக்கொண்டு, வாசல் இருந்த திசையைப் பார்த்து நின்றது. இளையதம்பி கிட்டப் போனான். அது பின்வாங்கி ஒளிந்துகொள்ளப் பார்த்தது. பின்னால் சுவர் இல்லாததால் வெளியே வந்துவிட்டது. திரும்பவும் தன் இடத்துக்கே வந்து, திரும்பவும் தாழ்ந்து நின்றது.

பொம்பர் குண்டு போட்ட அடுத்த நாள், கூரையில்லாத குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த சனத்தை இளையதம்பி கண்டிருக்கிறான்.

தண்ணீருக்குள் கோபப்படுவதில் ஒரு கஷ்டம் உண்டு. திட்ட வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக அவனுடைய கோபம் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. மேலே வந்து மூச்செடுத்தபோது திட்டுவதற்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவனுக்கே பயமாக இருந்தது.

சோமசேகரம் கோயில் வடக்கு வீதியில் அளவுநாடாவோடு நின்றார். பொதுவேலைப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கண்டாலும் அளந்து பார்ப்பார். அவரோடு சண்டை பிடிப்பதில் உள்ள பெரிய சிரமம் அவருக்குக் கோபமே வராது என்பது.

"சோமண்ணை, பாரை ஆர் உடைக்கச் சொன்னது?"

"வா தம்பி. எப்ப வந்தனீ? தேத்தண்ணி குடிச்சியோ?"

"நான் தேத்தண்ணி கேக்கேல்லை."

"சீனி இல்லாதபடியாலை நானும் வற்புறுத்தேல்லை. உந்த நாடாவின்ரை நுனியை ஒருக்காப் பிடி."

இளையதம்பி பழக்கத்தில் நுனியைப் பிடித்துவிட்டான். பிடித்தபிறகு விடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவது அழகாக இல்லை.

"அம்மன்ரை கல்லு, அம்மன்ரை மதில்," என்றார் சோமசேகரம். "இந்தப் பொக்கற்றுக்குள்ளை இருந்ததை அந்தப் பொக்கற்றுக்குள்ளை வைச்சனான். உதுக்கேன் நீ குதிக்கிறாய்?"

"பிள்ளையளின்ரை எலும்பிலை தாய்க்கு மதில் கட்டுறியளோ?"

"செல் குண்டு விழுந்து வடக்கு மதில் இடிஞ்சு போட்டுது. பொம்பர் வந்தால் சனம் ஓடிவந்து படுக்கிறது இந்த மண்டபத்துக்குள்ளைதான். உன்ரை மனிசியும்தான். நாளைக்கு ஒரு செல்த்துண்டு பறந்து வந்தால் உன்ரை கலவாயோ வந்து மறிக்கும்?"

ஓவசியர் சொன்னது உண்மை. கோபமாக இருக்கும்போது எதிரி உண்மை சொல்வதைப்போல எரிச்சலான விஷயம் வேறில்லை.

"இந்த நாட்டிலை எங்கை தோண்டினாலும் கல்லுத்தானே அண்ணை. தோட்டக்கல்லை எடுத்துச் சுடுங்கோவன்."

"தோட்டக்கல்லு எடுக்க நிலத்தைக் கிண்டவேணும். உடைக்க ஆள் வேணும். சுட விறகு கூட வேணும். பார் வாசல்லை கிடக்கு, ஒரு தட்டுத் தட்டினால் கழண்டு வருது." நாடாவைச் சுருட்டினார். "போன வருசச் சுகத்திலை எடுத்த இது ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மற்ற மூண்டு பக்கமும், பேந்து கோபுரமும் இருக்கு. முழுப் பாரும் வேணும். தீர்த்தத்திலை நீ சுகம் எண்டு சொன்னால் அடுத்த நாளே அலவாங்கு இறங்கும்."

"நான் சொல்லாட்டி?"

"தில்லைநாதன் சொல்லுவான். போன வருசம் உனக்குத் துடக்கு வர அவன்தானே சுகம் சொன்னவன். கொஞ்சம் கட்டையாச் சொன்னாலும் சொன்னவன்."

அன்று இளையதம்பி சோறு தின்னவில்லை. முற்றத்தில் குந்தியிருந்தான். பத்மாசினி வந்து பார்த்தாள், போனாள், திரும்பவும் வந்தாள்.

"நீங்கள் கத்தினால் எனக்குப் பயமில்லை. சும்மா இருந்தால்தான் பயமாக் கிடக்கு. செத்தவீட்டிலை இருக்கிறமாதிரி இருக்கிறியள்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சொல் கேட்கிற காது வழியாகத்தான் உள்ளே போனது.

"ஓம்," என்றான். "செத்தவீடுதானே."

அடுத்த நாள் காலையில் ஓவசியர் வீட்டுக்குப் போய், "நானே குளிக்கிறன் அண்ணை. கண்டதைச் சொல்லுறன்" என்றான். சோமசேகரத்துக்குச் சந்தோசம். எங்கிருந்தோ ஒரு கரண்டி சீனி வந்தது.

தீர்த்தத்தன்று கரையில் எள் போட இடமில்லை. கடலில் தூரத்தே நேவியின் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று, பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் தீர்மானித்த ஒரு பொருளைப்போல நின்றது. அம்மன் சின்னப் பல்லக்கில் கரைக்கு வந்தாள். இளையதம்பி குளித்தான். வழமையைவிடக் கூடிய நேரம் கீழே இருந்தான். வெளியே வந்து, முழங்கால் தண்ணீரில் சனத்தைப் பார்த்து நின்றான்.

"பிள்ளையள் சுகமோ?" என்று கேட்டது சனம். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு எல்லோருடைய முகத்திலும் தயாராக இருந்தது.

இளையதம்பி வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவரைப்போலத் தொண்டையைச் செருமினான்.

"நாச்சியார் பாரைப் பிறப்பிடமாகவும் வாழ்விடமாகவும் கொண்ட தலைக்கல்லு அவர்கள் அகால மரணமடைந்துவிட்டார்."

சனம் சிரித்தது.

"அன்னார், கடல்நாச்சியாரின்ரை மூத்த பிள்ளையும், ஓராக் கூட்டத்தின்ரை பாசமிகு பாட்டனாரும், கலவாய்க் கிழவன்ரை வீட்டுச் சொந்தக்காரனும் ஆவார்."

சிரிப்பு பாதியாகக் குறைந்தது.

"அன்னாரோடை ஒண்டாக் காலமானவர்கள்: மான்கொம்புக் கல்லு குடும்பத்தினர் எல்லாரும். தட்டுக்கல்லு வீட்டுச் சகோதரங்கள். அவையின்ரை மடியிலை இருந்த குஞ்சு குருமன்கள், பேர் வைக்கேல்லை. நீல நண்டு ஒண்டு, வீட்டோடை போனது. கூடப் போனவையின்ரை பூதவுடல்கள் மார்க்கண்டுவின்ரை சூளையிலை தகனம் செய்யப்பட்டன, அன்னாரின்ரை பூதவுடல் தகனத்துக்காக அங்கை வைக்கப்பட்டிருக்கு. உற்றார் உறவினர் ஒருதருக்கும் அறிவிக்கேல்லை. இதுதான் அறிவித்தல்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் மார்க்கண்டுவைச் சுற்றி இருந்தவர்கள் மெல்ல ஓரடி விலகினார்கள். மார்க்கண்டு தன் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பத்மாசினி கூந்தலை அவிழ்த்தாள். அவன் கேட்டுச் செய்தது அல்ல, கலவாயின் கதையை மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தான். மணலில் குந்தி, பக்கத்தில் இருந்தவளின் தோளைக் கட்டி, சாவு வீட்டில் எடுப்பதுபோலவே ஒப்பாரி எடுத்தாள்:

"கூரையில்லா வீட்டினிலே காவல் நிற்கும் ராசாவே, ஊருக்கெல்லாம் பசியெண்டு உன்னை விட்டு வைச்சமே..."

பக்கத்தில் இருந்தவள் முதலில் திகைத்தாள். பிறகு அவளுக்கும் அழ ஒரு காரணம் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் இருந்தது. அந்தக் கரையில் அழக் காரணம் இல்லாத பெண் அந்த வருடத்தில் இருக்கவில்லை. சற்று நேரத்தில் கரை முழுவதும் செத்தவீடாயிற்று.

சோமசேகரம் முன்னால் வந்தார். "இளையதம்பி, விசர்க்கதையை விட்டிட்டுச் சுகத்தைச் சொல்லு. ஐயா, மணியை அடியுங்கோ."

கோயில் ஐயர் மணியைக் கையில் வைத்திருந்தார். அடிக்கவில்லை. "சாவு சொல்லிப்போட்டார். நான் என்னெண்டு அடிக்கிறது?"

"மீனுக்கும் கல்லுக்கும் துடக்கோ ஐயா?"

"ஐயாவைக் கேக்காதையுங்கோ, என்னைக் கேளுங்கோ," என்றான் இளையதம்பி. "ஒவ்வொரு வருசமும் நாச்சியாற்றை பிள்ளையள் எண்டுதானே சுகம் கேக்கிறம்? வயித்தைக் கட்டிக்கொண்டு அவையைக் காத்தது அவை பிள்ளையள் எண்டுதானே? ஜெர்மனியிலை செத்த ஒருத்தனுக்காக, பம்பரம் களவெடுத்தவனுக்காக, என்னை வேலிக்கு வெளியிலை விட்டனீங்கள். வாசல்லை வைச்சுப் பிள்ளையளைக் கொலை செய்தால் தாய்க்குத் துடக்கில்லையோ? சொல்லுங்கோ. இல்லையெண்டால் அவை பிள்ளையளில்லை. பிள்ளையளில்லையெண்டால் நாளைக்கு நாங்கள் எல்லாரும் அங்கை வலை போடுறம்."

வலை என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்தின் பின்பக்கம் நின்ற மீனவர்கள் ஓவசியரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து மூடினார். பாரின் விலாங்கைப்போல இருந்தது. இளையதம்பிக்கு அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, சிரிப்பு வரவில்லை.

ஐயர் பல்லக்கின் திரையை இழுத்து மூடினார். "அம்மனை உள்ளை கொண்டு போங்கோ. துடக்குக் கழியும்வரை கோயில் வேலை ஒண்டும் நடக்கப்படாது."

வெற்றி என்று இளையதம்பி நினைத்தான். அவன் நினைக்கிற வெற்றிகளுக்கு ஆயுள் எப்போதும் குறைவு.

கூட்டத்தில் யாரோ ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. "அப்ப சுட்ட சுண்ணாம்பு? அது சாம்பலெல்லோ?" சனம் திரும்பிப் பார்த்தது. மதிலோரம் கிடுகால் மூடிய சாக்குகள் அடுக்கி இருந்தன. செத்தவர்களின் சாம்பல் கோயில் வீதியில். ஒரு கணம்தான். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிப்போய்ச் சாக்குகளைத் தோளில் ஏற்றினார்கள். சாம்பல் கடலுக்குத்தானே போகவேண்டும். அதுவும் பிறந்த இடத்துக்கு. பக்தியோடு, கண்ணீரோடு, நேரே பாரை நோக்கி வந்தார்கள்.

"கொட்டாதையுங்கோ," என்று இளையதம்பி கத்தினான். "அது நீத்தாத சுண்ணாம்பு. தண்ணி பட்டால் கொதிக்கும். மிச்சமும் அவிஞ்சு போம்."

அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியதன் பலன் அது. அவன் கத்தினால் ஊர் நிழலில் ஒதுங்கும், காதுகொடுக்காது. மூத்த பிள்ளைக்கு அவனே செத்தவீடு கூட்டினான். மிச்சப் பிள்ளைகளைச் சனம் இப்போது அந்தச் செத்தவீட்டு மரியாதையோடு கொல்லப்போகிறது. இடுப்பளவு தண்ணீரில் கையை விரித்து மறித்து நின்றான். முதல் சாக்கோடு வந்தவன் தில்லைநாதன்.

"விடு மச்சான், அவை சாந்தியடையட்டும்."

"சாந்தியோ. நீ வாயைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மேலை வராதே, இண்டைக்கு எங்கையிருந்து உது வந்தது?" சாக்கைப் பிடித்துத் தள்ளினான். இரண்டுபேரும் சரிந்தார்கள். சாக்கின் வாய் நனைந்து சீறிப் புகைந்தது. இளையதம்பியின் முழங்கை வெந்தது. அந்தச் சீற்றத்தைக் கண்டுதான் மற்றவர்கள் நின்றார்கள்.

"ஐயா," என்று அவன் கரையைப் பார்த்துக் கேட்டான். கோபத்தில் அல்ல, கெஞ்சலில். அந்தக் குரலை ஊர் முன்பு கேட்டதில்லை. "அஸ்தி எங்கை கரைக்கிறது? எங்கடை ஆக்கள் எங்கை கரைக்கிறவை?"

ஐயர் வெந்த கையைப் பார்த்தார். புகைகிற தண்ணீரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"கீரிமலையிலை," என்றார். "அஸ்தி கரைக்கிறதும் அந்தியேட்டிக் கிரியையும் கீரிமலையிலைதான். அது முடிஞ்சால்தான் துடக்குக் கழியும்."

"கீரிமலையிலை ஆமி நிக்கிறான் ஐயா," என்றார் சோமசேகரம். "ஒருதரும் போகேலாது. என்ரை தாய்க்கு இந்தக் கரையிலைதானே அந்தியேட்டி செய்து தந்தனீங்கள்?"

"மனுசருக்கு ஒரு சமாளிப்புச் செய்யலாம். அம்மன்ரை பிள்ளையளுக்கு என்னாலை விதியைத் தளர்த்தேலாது."

"அப்ப?"

"பாதை திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். அதுவரை துடக்கு. பார்ப்பக்கம் ஒரு அலவாங்கும் போகப்படாது." ஐயர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரும்பிப் பல்லக்கோடு நடந்தார்.

அடுத்த வாரம் மார்க்கண்டு சுடாத கற்களை வண்டிலில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தான். சோமசேகரமும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்து நீட்டினார். இளையதம்பி வாங்கிக்கொண்டு போய்க் கீழே வைத்தான். செத்த கல் செத்ததுதான், ஆனாலும் கூரையாக நிற்கும். தலைக்கல்லை நீட்டும்போது ஓவசியர் கேட்டார்:

"உண்மையிலையே அது அந்த இடத்திலைதான் நிக்குதோ?"

"கீழை வந்து பாருங்கோ."

"எனக்குக் குளிக்கத் தெரியாதே தம்பி."

"அது உடைக்க முதல் யோசிச்சிருக்கவேணும். கல்லைத் தாங்கோ."

கலவாய் மூன்று நாளாகக் கூரைக்குள் வரவில்லை. நான்காம் நாள் என்ன செய்தது என்று இளையதம்பி யாருக்கும் சொல்லவில்லை.

மதில் பிரச்சினை மதிலாகவே நின்றது. சனத்துக்குப் படுக்க இடம் வேண்டும். மதில் கோயிலுக்கல்ல, சனத்துக்கு, சனத்துக்குத் துடக்கில்லை என்று பத்மாசினிதான் ஒரு வழி சொன்னாள். விறகு சோமசேகரத்தின் பொறுப்பு. கல் யாருடைய பொறுப்பு என்பதை ஊர் கேட்கவே இல்லை, நேரே இளையதம்பியைப் பார்த்தது.

இப்போது ஒரு தரிசுக் காணிக்குள் அவன் தோட்டக்கல் கிண்டுகிறான். கட்டுப்போட்ட கையில் அலவாங்கு. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு திட்டு. கப்பல்காரனுக்கு ஒன்று, பொம்பர்காரனுக்கு ஒன்று, சீமெந்தைத் தடுத்தவனுக்கு ஒன்று, ஓவசியருக்கு இரண்டு. பக்கத்தில் ஓவசியர் அளவுநாடாவோடு நின்று, தனக்கு உரியதை மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். இளையதம்பியின் இடது காது பழுத்த மிளகாய்போல இருக்கிறது.

பத்மாசினி சீனியில்லாத தேத்தண்ணியோடு வருகிறாள். "இன்னும் கோவம் ஆறேல்லையோ உங்களுக்கு?"

"ஆறினால் ஆர் கல்லு உடைக்கிறது?" என்கிறான் அவன். தேத்தண்ணிப் பேணியை வாங்காமல் அலவாங்கை மறுபடி ஓங்குகிறான்.